தினம் 40 நிமிடம்தான் கிடைக்கிறது, நாவல் நகர மாட்டேன் என்கிறது

உப்பங்கழி:

வணக்கம். முதல் நாவல். களம் தனுஷ்கோடி, 1964 டிசம்பர். புயலுக்கு முந்தைய பத்து நாள், பிந்தைய பத்து நாள், அவ்வளவுதான் கதைக்காலம். எட்டு மாதத்தில் 14,000 சொல் வந்திருக்கிறது. முதல் அத்தியாயத்தை மட்டும் ஒன்பது தடவை திருத்தியாயிற்று.

கையில் இருக்கும் நேரம்: காலை 5 முதல் 5.40 வரை மடிக்கணினி. அப்புறம் சமையல், பிள்ளைகள், அலுவலகம். போக 35 நிமிடம், வர 35 நிமிடம் பேருந்து. பாதி நாள் நின்றுகொண்டுதான். ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம், அதுவும் யாரும் விருந்துக்கு வராவிட்டால்.

காலையில் 15 நிமிடம் பழையதைப் படிக்கவே போய்விடுகிறது. படித்தால் கை சும்மா இருப்பதில்லை, திருத்தத் தொடங்கிவிடுகிறது. அதைத் தாண்டி எழுத ஆரம்பித்தால் ஏதாவது தகவல் இடிக்கும்: ரயில் எத்தனை மணிக்கு, மண்ணெண்ணெய் என்ன விலை. தேடப் போனால் மணி ஆறு.

'வேலையை விடு', 'இன்னும் சீக்கிரம் எழுந்திரு' இரண்டையும் தவிர வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள். நாலு மணிக்கு எழுந்தால் அலுவலகத்தில் தூங்கி விழ வேண்டியதுதான்.

மைக்கூடு:

முதலில் கணக்கு. இணையத்தில் சுற்றும் 'ஒரு நாளைக்கு 1,667 சொல்' என்பது நானோரைமோ என்ற நவம்பர் மாதச் சவாலிலிருந்து வந்தது: 30 நாளில் 50,000 சொல், ஆங்கிலத்தில். அதை அப்படியே தமிழுக்குத் தூக்கி வருவதில் அர்த்தமில்லை. 'வந்துகொண்டிருந்தாள்' நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு மூன்று. எழுத்துருவைப் பொறுத்து, டெம்மி என்ற வழக்கமான புத்தக அளவில் பக்கத்துக்குச் சுமார் 220 முதல் 250 சொல் பிடிக்கும். 200 பக்க நாவல் என்றால் 45,000 சொல்லை ஒட்டி வரும். உங்களுக்குப் பாக்கி 31,000. காலையில் 250 சொல், வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் 25 வாரம். பண்டிகை, காய்ச்சல், பரீட்சை எல்லாம் சேர்த்து ஏழெட்டு மாதம் என்று வையுங்கள்.

250 சொல்லை 25 நிமிடத்தில் எழுதிவிடலாம், அடுத்து என்ன எழுதப் போகிறோம் என்று தெரிந்திருந்தால். உங்களுக்கு 15 நிமிடம் போவது கதைக்குள் திரும்பிப் போகும் வழியைத் தேடுவதில். அந்த வழியை முந்தின நாளே போட்டு வைக்க வேண்டும்.

5.35க்கு எழுதுவதை நிறுத்துங்கள், பாதி வாக்கியமானாலும். கடைசி ஐந்து நிமிடம் நாளைக்கான சீட்டு எழுத. அதில் இருக்க வேண்டியது: யார் எங்கே நிற்கிறார், அடுத்து நடக்கப்போவது என்ன, நாளைய முதல் வரி. உதாரணமாக:

'செல்லம்மா கருவாட்டுக் கூடையோடு ஸ்டேஷன் வாசலில். தம்பி வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை என்று போர்ட்டர் சொல்லப் போகிறான். அவள் நம்பமாட்டாள், கூடையைத் திண்ணையில் வைத்துவிட்டு நடப்பாள். முதல் வரி: “கடலு இன்னிக்குச் சத்தமே காட்டலியே…”'

சீட்டில் 'அத்தியாயம் 6 தொடரவும்' என்று மட்டும் எழுதி வைத்தால் அது சீட்டே இல்லை. மறுநாள் காலை மறுபடி ஆறாம் அத்தியாயத்தை முதலிலிருந்து படிக்க வைக்கும். அதே மாதிரி, ஒரு காட்சி முடிந்த இடத்தில் அன்றைய வேலையை நிறுத்தாதீர்கள். முடிந்த காட்சிக்கு அடுத்த நாள் வெற்றுத்தாள்தான் காத்திருக்கும். காட்சி முடிந்துவிட்டால் அடுத்த காட்சியின் இரண்டு வரியாவது போட்டுவிட்டு எழுந்திருங்கள்.

கோப்பு அமைப்பும் முக்கியம். முழு நாவலும் ஒரே கோப்பில் இருந்தால் திறந்ததும் முதல் அத்தியாயம் முகத்தில் வந்து நிற்கும். காட்சிக்கு ஒரு கோப்பு வையுங்கள். முடிந்தவற்றை 'பூட்டு' என்று ஒரு கோப்புறைக்குள் தள்ளுங்கள். காலையில் திறப்பது இன்றைய கோப்பு ஒன்றை மட்டும். படிப்பது சீட்டும் கடைசிப் பத்தியும் மட்டும்.

திருத்தத் தோன்றினால் 'திருத்தம்' என்ற தனிக் கோப்பில் ஒரு வரி: 'அத். 2: செல்லம்மாவுக்கு வயது 38, மூத்த பிள்ளை உண்டு.' அவ்வளவுதான். ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது என்ற பாவனையில் 38 வயதுக்காரியாகவே மேலே எழுதிக்கொண்டு போங்கள். முதல் அத்தியாயத்துக்கு என்ன தேவை என்பதை முடிவுதான் சொல்லும். முடிவு கையில் வருமுன் ஒன்பது தடவை திருத்தியது, சுவர் எழும்பாத வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

தகவல் இடிக்கும் இடத்தில் @@ என்று போட்டுத் தாண்டுங்கள். 'ரயில் @@ மணிக்குக் கிளம்பும்.' அடைப்புக்குறியோ கேள்விக்குறியோ வைத்தால் கதைக்குள் இருப்பவற்றோடு கலந்துவிடும். @@ கதையில் எங்கும் வராது. பிறகு தேடல் பெட்டியில் தட்டினால் எல்லாம் வரிசையாக அகப்படும்.

திண்ணைவாசகி:

சீட்டு யோசனையை வழிமொழிகிறேன். பேருந்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரு நாளைக்கு 70 நிமிடம், அக்கா! காலை மேசையைவிட அதுதான் பெரிது.

நின்றுகொண்டு எழுத முடியாது. எழுதவும் வேண்டாம். ஒரு பயணத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அடுத்து என்ன நடக்கும்' என்று பொதுவாக யோசித்தால் இரண்டு நிறுத்தத்துக்குள் மனம் சாயங்காலக் குழம்புக்குப் போய்விடும். கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும்: 'போர்ட்டர் ஏன் அவளிடம் பொய் சொல்கிறான்?' 'தம்பி வரவில்லை என்று தெரிந்த பிறகு அவள் முதலில் யாரைத் தேடிப் போவாள்?' விடை கிடைத்ததும் இறங்கும் நிறுத்தத்துக்கு முன்னால் உங்களுக்கு நீங்களே ஒரு வாட்ஸ்அப் செய்தி. இரண்டு வரி போதும். இரவு படுக்குமுன் அதைச் சீட்டில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் நாற்பது செய்தி சேர்ந்து அதுவே ஒரு குப்பைமேடாகிவிடும்.

உட்கார இடம் கிடைத்த நாளில் உரையாடல் எழுதலாம். வர்ணனை பேருந்தில் சரிப்படாது, உரையாடல் சரிப்படும். 'செ:', 'போ:' என்று பெயரின் முதலெழுத்தும் பேச்சும் மட்டும். நடுவில் 'என்றாள் தலையைக் குனிந்தபடி' எல்லாம் காலை மேசைக்கு.

குரல் தட்டச்சை நிறையப் பேர் சிபாரிசு செய்வார்கள். கட்டுரைக்குப் பரவாயில்லை. கதைக்கு, அதுவும் ராமநாதபுரத்துக் கடற்கரைப் பேச்சுக்கு, எச்சரிக்கையாக இருங்கள். வழக்குச் சொல்லைத் தனக்குத் தெரிந்த வேறு சொல்லாக மாற்றி எழுதிவிடும். நிறுத்தக்குறி ஒழுங்காக விழாது, யார் பேசியது என்ற பிரிவும் இருக்காது. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கே புரியாது. அதற்குப் பதில் இரண்டு நிமிடக் குரல்பதிவாகவே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் ஏற்ற இறக்கம் அப்படியே கிடைக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் பதிந்தால் திரும்பக் கேட்க மாட்டீர்கள்.

இன்னொன்று, காட்சிப் பட்டியல். 45,000 சொல்லைக் காட்சிக்கு 750 என்று பிரித்தால் 60 காட்சி. ஒரு காட்சி மூன்று காலை. பட்டியலில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, முடிவில் எது மாறியிருக்கிறது. மூன்றாவதற்கு விடை இல்லாத காட்சி நாவலில் வேண்டியதில்லை. எழுதுமுன்னே அதைக் கண்டுபிடித்தால் மூன்று காலை மிச்சம். 60ஐயும் இப்போதே போட வேண்டாம், அடுத்த பத்து தெரிந்தால் போதும்.

பிழைதிருத்தி:

தகவல் தேடலில் நேரம் கரைவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். @@ நல்ல வழி, ஆனால் எல்லாவற்றுக்கும் @@ போட்டால் ஆபத்து. சில தகவல்கள் கதையையே திருப்பிவிடும். அவற்றை எழுதுமுன் தெரிந்துகொண்டாக வேண்டும். மற்றவை அலங்காரம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பிரிக்க ஒரு சோதனை: இந்தத் தகவல் தவறாகப் போனால் ஒரு வரியை மாற்றினால் போதுமா, காட்சியையே கிழிக்க வேண்டுமா?

உங்கள் களத்தில் கிழிக்க வைக்கும் தகவல்கள் இவை. பாம்பன் தீவுக்குச் சாலைப் பாலம் வந்தது 1988இல். 1964இல் ரயிலை விட்டால் படகுதான். உங்கள் பாத்திரம் யாரும் பஸ் ஏறி மண்டபத்துக்குத் தப்பிக்க முடியாது. புயல் 22ஆம் தேதி இரவு, செவ்வாய்க்கிழமை. அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டது. பாம்பன் ரயில் பாலமும் சேதமாகி, 46 நாளில் சீர்செய்யப்பட்டது. உங்கள் 'பிந்தைய பத்து நாள்' முழுக்கப் பாலம் உடைந்துதான் கிடக்கிறது. யாராவது ரயிலில் வந்து உறவைத் தேடுவதாகக் காட்சி வைத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

இன்னொரு பொறி: பௌர்ணமி 19ஆம் தேதி. 22 அன்று முன்னிரவில் நிலா இருக்காது. மேகம் வேறு. 'நிலவொளியில் அலை எழுந்தது' என்று எங்கேயாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். மாதம் மார்கழி, முதல் வாரம். கோலமும் விடியற்காலைப் பாட்டும் இருக்கலாம்.

பலியானவர்கள் எண்ணிக்கை ஒவ்வோரிடத்தில் ஒவ்வொன்றாக இருக்கும். அதைத் தேடி ஒரு காலைகூட வீணாக்காதீர்கள். கரையில் நிற்கிற செல்லம்மாவுக்கு அன்று எந்த எண்ணிக்கையும் தெரியாது.

மொழியிலும் காலப்பிழை வரும். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று அதிகாரப்பூர்வமாகப் பெயர் வந்தது 1969 ஜனவரியில். உங்கள் கதையில் ஆங்கிலத்தில் ஓர் அரசு உத்தரவு வந்தால் அதில் மதராஸ் மாநிலம் என்றுதான் இருக்க வேண்டும். காசில் 'நயா' என்ற சொல்லை அரசு எடுத்தது 1964 ஜூனில். ஆனால் டிசம்பரில் கடைத்தெருவில் நயா பைசாவும் நாலணாவும் வாயில் புழங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். சட்டம் மாறிய நாளில் நாக்கு மாறாது.

மண்ணெண்ணெய் விலை அலங்காரத் தகவல். அதைத் தேடவே வேண்டாம். 'போன வாரத்துக்கு இந்த வாரம் ஏத்திட்டான்' என்று ஒரு பாத்திரம் முனகினால் விலையும் தெரிந்த மாதிரி, ஆளும் தெரிந்த மாதிரி.

தேடலை ஞாயிறில் அரை மணி நேரத்துக்குள் அடக்குங்கள். அந்த வாரத்து @@ எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துத் தேடுங்கள். ஒன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் விட்டுவிட்டு அடுத்தது. மிஞ்சியவை சேர்ந்த பிறகு ஒரே நாள் விடுப்புப் போட்டுச் சென்னையில் கன்னிமாரா நூலகமோ தரமணி ரோஜா முத்தையா நூலகமோ போகலாம். கேள்விப் பட்டியல் இல்லாமல் போனால் பழைய பத்திரிகை விளம்பரங்களைப் படித்தே பொழுது போய்விடும். சுகமான பொழுதுதான், ஆனால் நாவல் நகராது.

கடைசிப்பெஞ்சு:

எல்லோரும் 'தினம் 250' என்கிறீர்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான்.

இந்த அட்டவணை எழுத்துக்குக் குலதெய்வம் ஆண்டனி டிரோலோப். 19ஆம் நூற்றாண்டு, பிரிட்டிஷ் தபால் துறை உத்தியோகம். காலை 5.30க்கு உட்கார்ந்து, எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதியவர். எல்லா எழுத்து வகுப்பிலும் இவரைச் சொல்வார்கள். அவரை எழுப்பிக் காப்பி கொண்டுவந்து வைக்க ஒரு வேலைக்காரருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அதுவும் அவரே தன் சுயசரிதையில் எழுதியிருப்பதுதான். உப்பங்கழி அக்கா வீட்டில் காப்பி போடுவது யார் என்று கேட்டுவிட்டுத்தான் அட்டவணை போட வேண்டும்.

இரண்டாவது, எல்லாக் காட்சியும் 250ஆக வெட்டத் தகுந்தவை அல்ல. கருவாட்டுச் சந்தை, கடிதம் எழுதுவது, சாப்பாட்டு நேரச் சண்டை எல்லாம் மூன்று காலையில் எழுதலாம். புயல் இரவை அப்படி எழுதினால் ஒவ்வொரு 250க்கும் மூச்சு அறுந்து, மறுபடி முதலிலிருந்து பதற்றத்தைக் கிளப்ப வேண்டியிருக்கும். படிக்கிறவருக்கு அந்தத் தையல் தெரியும். அம்மாதிரி காட்சி ஐந்தாறுதான் இருக்கும். பட்டியலில் அவற்றுக்குச் சிவப்புப் புள்ளி வையுங்கள், ஞாயிறு இரண்டு மணி நேரம் அவற்றுக்கு. வரிசைப்படி எழுத வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு? ஞாயிறு புயல், திங்கள் முதல் வெள்ளி புயலுக்கு முந்தைய சந்தை.

ஞாயிறைக் காப்பாற்றுவது தனி வேலை. 'எனக்கு எழுத நேரம் வேண்டும்' என்று பொதுவாகச் சொன்னால் வீட்டில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை. '2 முதல் 4 வரை கதவு சாத்தியிருக்கும், சின்னவனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், 4.10க்கு டீ நான் போடுகிறேன்' என்று மணியும் பொறுப்பும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விருந்தாளி வந்துவிட்டால் அந்த ஞாயிறு போனது போனதுதான். ஈடுகட்ட இரவு கண்விழித்தால் திங்கள், செவ்வாய் இரண்டு காலையும் சேர்ந்து போகும்.

மைக்கூடு:

புயல் இரவு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், ஞாயிறுதான் சரி. ஆனால் வரிசை மாற்றி எழுதுவதில் ஒரு கஷ்டம்: புயலை முதலில் எழுதிவிட்டால் அதற்கு முந்தைய காட்சிகளில் எல்லாருக்கும் வரப்போவது தெரிந்த மாதிரி ஒரு சோகம் ஒட்டிக்கொள்ளும். 15ஆம் தேதி கருவாடு விற்கிறவளுக்கு 22ஆம் தேதி தெரியாது. சிவப்புப் புள்ளிகளில் புயலைக் கடைசிக்கு வைத்து, மற்றவற்றை முன்னதாக எழுதுங்கள்.

விடுபட்ட நாளுக்கு ஒரு விதி: ஒரு நாள் விட்டால் மறுநாள் 250தான், 500 இல்லை. கடனைச் சேர்த்துக்கொண்டே போனால் இரண்டாம் வாரம் மடிக்கணினியைத் திறக்கவே பயம் வரும். மூன்று நாள் தொடர்ந்து விட்டால் நான்காம் நாள் புதிதாக எழுத வேண்டாம். கடைசிக் காட்சியைப் படித்துப் புதுச் சீட்டு மட்டும் எழுதுங்கள். அதுவே அன்றைய வேலை.

உப்பங்கழி:

ரயிலில் தேடி வரும் காட்சி இருக்கிறது! 11ஆம் அத்தியாயம் என்று குறித்து வைத்திருந்தேன். நல்லவேளை, எழுதவில்லை. படகாக மாற்றுகிறேன்.

இரண்டு சின்னக் கேள்வி. ஒன்று, இப்போது ஆங்கில ஒலிப்பு முறையில் தட்டுகிறேன், தமிழ்99க்கு மாறினால் வேகம் கூடுமா? இரண்டு, எழுதிய அத்தியாயங்களை ஒரு வாசகர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு வருகிறேன். கெடு மாதிரி உதவும் என்று நினைத்தேன், ஆனால்…

பிழைதிருத்தி:

தமிழ்99 நல்ல விசைப்பலகை. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'அம்மா', 'பந்து' மாதிரிச் சொற்களில் புள்ளி தானாக விழுவதால் தட்டும் எண்ணிக்கை குறையும். ஆனால் பழகும் வரை வேகம் பாதியாகிவிடும். வரைவின் நடுவில் மாறினால் நினைப்பு விரலைத் தேடிப் போய்விடும். வரைவு முடியட்டும், திருத்தத்தின்போது பழகுங்கள். அப்போது மெதுவாகப் போவதே நல்லது. ஒற்று மிகுமா மிகாதா என்ற யோசனையும் அதுவரை வேண்டாம். அது என் மாதிரி ஆட்களுக்கு விட்டுவைக்க வேண்டிய வேலை.

குழுவில் போடுவதை நிறுத்துங்கள். உங்கள் 'ஆனால்…' எனக்குப் புரிகிறது: ஒருவர் 'செல்லம்மா இன்னும் அழ வேண்டும்' என்பார், இன்னொருவர் 'அழுகை அதிகம்' என்பார், நீங்கள் பத்தாவது தடவை முதல் அத்தியாயத்தைத் திறப்பீர்கள். கெடு வேண்டுமென்றால் ஒரே ஒருவரிடம் ஞாயிறு இரவு அந்த வாரச் சொல் எண்ணிக்கையை மட்டும் அனுப்புங்கள். அத்தியாயத்தை அனுப்ப வேண்டாம். அதே கையோடு உங்கள் மின்னஞ்சலுக்கு வாரக் கோப்புகளின் நகல் ஒன்றும் போகட்டும்.

திண்ணைவாசகி:

எண்ணிக்கையை எனக்கு அனுப்புங்கள் அக்கா. முதல் ஞாயிறு 800 வந்தாலும் சரி, 1,250 என்று பொய் மட்டும் வேண்டாம். அந்தப் படகுக் காட்சியில் தேடி வருவது யார்? செல்லம்மாவுக்கு அவர் என்ன உறவு? நாளை காலைப் பேருந்துக்கு அதையே கேள்வியாக வைத்துக்கொள்ளலாமே.